அம்மாவின் மறுபத்தியம்

1

போன செவ்வாய்க்கிழமை மதிய இடைவேளையில், என்னோடு வேலை பார்க்கும் கத்ரின் தட்டில் பாதியை மிச்சம் வைத்துவிட்டு என்னிடம் ஒரு உதவி கேட்டாள். இரண்டு வருடமாக அவளுக்கு வயிறு உப்பிக்கொள்கிறது. சில நாள் நான்கைந்து முறை கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்து, குடலில் புண்ணோ கட்டியோ இல்லை, இது குடல் எரிச்சல் நோய்தான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எனக்கும் அதே நோய் இருப்பதும், உணவை மாற்றி நான் அதை அடக்கி வைத்திருப்பதும் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். எதைச் சாப்பிடலாம், எது கூடாது என்று நான் போட்டு வைத்திருக்கும் அட்டவணையை அனுப்பச் சொன்னாள்.

முடியாது என்றேன். உணவு ஆலோசகர் ஒருவரின் எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் இந்த ஜெர்மன் ஊரில் ஒரு முறை முடியாது என்றால் யாரும் மறுமுறை கேட்க மாட்டார்கள்.

அந்த அட்டவணையை நான் இதுவரை ஒருவருக்குத்தான் அனுப்பியிருக்கிறேன். என் அம்மாவுக்கு. ஐந்து மாதத்தில் அவள் பதினோரு கிலோ மெலிந்தாள். ஊரில் இருப்பவர்கள் வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளிடம் மருந்தும் மாத்திரையும் யோசனையும் கேட்பது வழக்கம் என்பதால் இதை எழுதுகிறேன். கொடுக்கும் பிள்ளைகளும் படித்தால் நல்லது.

2

நான் திருவண்ணாமலையை ஒட்டிய அடி அண்ணாமலைக்காரி. மின்னணுப் பொறியியல் படித்தேன். ஆறு வருடமாகத் தென் ஜெர்மனியில் ஒரு சிற்றூரில், அளவுக் கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. கருவி சரியாக அளக்கிறதா என்று அளந்து பார்ப்பது என் பொறுப்பு. எதையும் வரிசை எண் போட்டு எழுதினால்தான் எனக்கு மனது அமைதியாகும்.

இங்கே வந்த மூன்றாம் வருடம் எனக்கு இந்த நோய் வந்தது. மருத்துவர் 'ரைட்ஸ்டார்ம்' என்று சொன்னார். 'டார்ம்' என்றால் குடல் என்று தெரியும். முன்பாதி எனக்கு 'ரைஸ்' என்று காதில் விழுந்தது. ஜெர்மன் மொழியில் அரிசிக்கும் அதே சொல்தான். அரிசி தின்று வந்த குடல் நோய் என்று எனக்குப் பெயர் சூட்டிவிட்டார்கள் என்று நினைத்து, மூன்று வாரம் சோறே தொடாமல் ரொட்டியாகத் தின்றேன். நோய் இரண்டு மடங்கானது. பிறகுதான் தெரிந்தது, அது 'ரைட்ஸ்', எரிச்சல் என்று பொருள். எனக்கு ஆகாதது கோதுமை. அரிசி சொக்கத் தங்கம்.

உணவு ஆலோசகரைப் பார்க்கக் காப்பீட்டுக்காரர்களிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். மருத்துவரின் கடிதத்தில் என் பெயரும் அப்பா பெயரும் இடம் மாறியிருந்ததால் விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்றாம் முறை "திருமதி ஏழுமலை அவர்களுக்கு" என்று ஒப்புதல் வந்தது. அப்பா இறந்து ஏழு வருடம் ஆகிறது. அவர் பெயரில் எனக்கு வைத்தியம் நடந்தது.

அந்த ஆலோசகர் சொல்லிக் கொடுத்த முறை மூன்று கட்டமாக நடக்கும். முதலில், குடலில் புளித்து வாயு உண்டாக்கும் பொருள்களை எல்லாம் சில வாரம் நிறுத்த வேண்டும். வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்பு, பால், மாம்பழம் என்று அது நீளும். அதிகபட்சம் ஆறு வாரம். வயிறு அடங்கியதும் இரண்டாம் கட்டம். நிறுத்தியதை ஒவ்வொன்றாக, அளந்து, மூன்று மூன்று நாளாகத் திரும்பச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். எது ஒத்துக்கொள்கிறது, எது இல்லை என்று அப்போதுதான் தெரியும். ஒத்துக்கொள்ளாத இரண்டு மூன்றை மட்டும் விலக்கிவிட்டு மற்றதைச் சாப்பிட்டு வாழ்வது மூன்றாம் கட்டம்.

ஆலோசகர் முதல் நாளே சொன்னார். "இது உணவு முறை இல்லை, சோதனை. சோதனை என்றால் அதற்கு முடிவு தேதி உண்டு." எனக்கு அந்த வாக்கியம் மிகவும் பிடித்துப்போனது. அம்மாவுக்கு அனுப்பிய தாளில் அதை நான் எழுதவில்லை.

3

அம்மா சத்துணவு அமைப்பாளர். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு எத்தனை கிராம் அரிசி, எத்தனை கிராம் பருப்பு, எந்தக் கிழமை முட்டை என்று முப்பது வருடமாகக் கணக்கு வைப்பவள். அவளுக்குச் சாம்பார் சாப்பிட்டாலே வயிறு உப்புகிறது, கலக்குகிறது என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். டவுனில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினார்கள். பரிசோதனை எல்லாம் செய்து, என் நோய்தான் அம்மாவுக்கும் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். என்ன சாப்பிடலாம் என்று அம்மா கேட்டதற்கு, ஒத்துக்காததைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றாராம்.

உண்மையைச் சொன்னால் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதுவரை பணத்தைத் தவிர அம்மாவுக்கு நான் கொடுக்க எதுவும் இருந்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து என் அட்டவணையைத் தமிழில் செய்தேன். நாற்பத்திரண்டு வரிகள், ஒவ்வொன்றுக்கும் எண். சோறு ஒன்று, முட்டை இரண்டு, மீன் மூன்று, புடலங்காய் நான்கு, கேரட் ஏழு. சாப்பிடலாம் என்றால் பச்சை, கூடாது என்றால் சிவப்பு.

கட்டங்களுக்குப் பெயர் வைப்பதில்தான் நின்றேன். முதல் கட்டத்துக்குச் சுலபம், 'பத்தியம், ஆறு வாரம்' என்று எழுதினேன். இரண்டாவதற்கு அகராதி 'மறு அறிமுகம்' என்றது. ஏதோ மேடையில் பொன்னாடை போர்த்துவது போல இருந்தது. மறுபடி சாப்பிடத் தொடங்குவது, ஆகவே 'மறுபத்தியம்' என்று எழுதினேன். ஒரு புதுச் சொல்லை நானே செய்துவிட்டதாக நினைத்தேன். அதன் கீழே, 'விவரம் பிறகு' என்று போட்டேன். முதல் கட்டம் எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு எழுதலாம் என்பது திட்டம். அந்த மாதம் தொழிற்சாலையில் தணிக்கை வந்தது. பிறகு எழுதவே இல்லை.

கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் என் தம்பி பிரபு, அதைக் கலரில் எடுத்து, லேமினேட் செய்து, சமையலறைச் சுவரில் ஒட்டினான்.

முதல் மாதம் வயிறு அடங்கிவிட்டது. உப்புசம் இல்லை, ஓட்டம் இல்லை. நான் தினமும் காலை வேலைக்குப் பஸ் ஏறும்போது போன் செய்வேன். அங்கே பத்தரை மணி ஆகியிருக்கும். பின்னால் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்கும். அம்மா எண்களாகவே சொல்லுவாள். "காலைல ஒண்ணு, ஏழு. ராத்திரி ஒண்ணு, நாலு." நான் அதைக் கணினியில் ஏற்றுவேன். இதற்கு முன் நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து நிமிடம் பேசினால் அதிகம், பாதி ஞாயிறு அதுவும் தவறும்.

என் கணக்கில் என்ன சாப்பிட்டாள் என்பதற்கு இடம் இருந்தது. எவ்வளவு என்பதற்கு இல்லை. எடைக்கும் இல்லை. அளவுக் கருவிக்காரி செய்த பட்டியல் அது.

4

சித்தப்பா வீட்டுக் காதணி விழாப் படம் ஒன்று குடும்பக் குழுவில் வந்தது. வரிசையில் மூன்றாவதாக நின்ற பெண்மணி யார் என்று ஒரு நொடி தெரியவில்லை. ரவிக்கையைத் தோளில் மடித்து ஊக்கு குத்தியிருந்தாள். வளையல் முழங்கைக்குக் கீழே வரை ஏறிக் கிடந்தது. படத்தைப் பெரிதாக்கினேன். அம்மா.

கேட்டால், பத்தியம் இருந்தால் உடம்பு இறங்கத்தான் செய்யும் என்றாள். மருந்துக் கடைக்குக் கூட்டிப்போய் எடை பார்க்கச் சொல்லிப் பிரபுவை நச்சரித்தேன். அவன் எடை இயந்திரத்தைப் படம் பிடித்து அனுப்பினான். முப்பத்தொன்பது. போன தடவை நான் ஊருக்குப் போயிருந்தபோது ஐம்பது.

குடல் எரிச்சல் நோய் ஆளை மெலிய வைக்காது. இது எனக்கு நன்றாகத் தெரியும். ஐம்பது வயதுக்கு மேல் காரணமில்லாமல் எடை குறைந்தால், காய்ச்சல் வந்தால், ரத்தம் போனால், ரத்தசோகை இருந்தால், வேறு எதையோ தேட வேண்டும். அம்மாவுக்கு ஐம்பத்தாறு. சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடுகிறது என்று இரண்டு முறை சொல்லியிருந்தாள். வெயில் ஜாஸ்தி என்று நானே சமாதானம் சொல்லியிருந்தேன். குடல் காசநோய், குடல் புற்று என்ற இரண்டு சொற்களையும் அன்று ஒரு தாளில் எழுதி, எதிரே பொருந்தும் அறிகுறிகளைக் குறித்தேன். இரண்டுக்கும் எதிரே நிறையக் குறிகள் விழுந்தன. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு விடுப்புப் படிவம் நிரப்பினேன். பதினெட்டு நாள் கிடைத்தது.

5

பிரபு பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி எடுத்து வந்திருந்தான். ஈசான்ய மைதானம் தாண்டியதும் சொன்னான்.

"பேப்பர்ல எழுதி அனுப்பிட்டக்கா. நானும் அத லேமினேட் பண்ணி ஒட்டிட்டேன். ரெண்டு பேரும் படிச்சவங்கதான்."

வீட்டில் அம்மா வாசலுக்கு வந்தாள். கட்டிப்பிடித்தபோது என் கைகள் அவள் முதுகைச் சுற்றி, நான் எதிர்பார்த்த இடத்துக்கு வெகுதூரம் தாண்டிப் போய்ச் சேர்ந்தன. எனக்குக் கருவாட்டுக் குழம்பும் முட்டைப் பொரியலும் செய்து வைத்திருந்தாள். தனக்கு ஒரு கிண்ணத்தில் குழைந்த சோறு, வெந்த புடலங்காய், உப்பு கம்மி. அவ்வளவுதான்.

முட்டையும் மீனும் பச்சையில்தானே இருக்கிறது என்று சுவரைக் காட்டினேன்.

"சாப்புடலாம்னுதான போட்டிருக்க, சாப்புடணும்னு போடலையே. பத்தியத்துல யாராவது முட்டை, மீன் துன்னுவாங்களா?"

"ஆறு வாரம்தானம்மா அது. அஞ்சு மாசம் ஆவுது."

"ஆறு வாரம் பத்தியம். அப்புறம் மறுபத்தியம்னு நீதான எழுதியிருக்க. பத்தியம் எத்தினி நாளோ அத்தினி நாள் மறுபத்தியம் இருக்கணும். அதுலதான் கெட்டியா இருக்கணும். நாட்டு மருந்து சாப்புட்டவங்கள கேட்டுப் பாரு."

மறுபத்தியம் என்று ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மருந்தை நிறுத்திய பிறகும், அத்தனை நாளுக்கு வாயைக் கட்டி இருப்பது. நான் எதற்கு அந்தப் பெயரை வைத்தேனோ அதற்கு நேர் எதிர். வாயைத் திறக்கச் சொல்ல நினைத்து, இன்னொரு முறை கட்டச் சொல்லியிருக்கிறேன். பத்தியம் என்ற சொல்லோடு முட்டையும் மீனும் புளியும் எண்ணெயும் தாமாகவே போயிருக்கின்றன.

"அதுவும் முடிஞ்சி ரெண்டு மாசம் ஆச்சேம்மா" என்றேன்.

"முடிச்சிடுனு நீ சொல்லலையே. எங்க ஆபீஸ்ல ஒரு ஆர்டர் வந்துச்சுன்னா அடுத்த ஆர்டர் வர்ற வரைக்கும் அதான்."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். அம்மா, அது தப்பான சொல், எனக்குத் தமிழ் அவ்வளவுதான் தெரிந்தது என்று. சொல்லவில்லை. "சரி, டெஸ்ட் எல்லாம் முடியட்டும்" என்றேன். எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. எழுதவே கூசுகிறது. நோய் ஏதாவது இருந்தால், மெலிந்ததற்கு என் தாள் காரணமில்லை.

6

டாக்டரம்மா கோபப்படவில்லை. அம்மாவின் கண் இமையை இழுத்துப் பார்த்தார். வயிற்றை நான்கு இடத்தில் அழுத்தினார். ரத்தம், மலம், ஸ்கேன், மேலிருந்தும் கீழிருந்தும் குழாய் விட்டுப் பார்ப்பது என்று எழுதினார். ஜெர்மனியில் குழாய்ப் பரிசோதனைக்கு நான் நான்கு மாதம் காத்திருந்தேன். இங்கே மூன்றாம் நாள் நடந்தது. சிறுகுடல் பெருங்குடல் சேரும் இடம் லேசாகச் சிவந்திருக்கிறது, சதை எடுத்து அனுப்பியிருக்கிறோம், ஒரு வாரம் ஆகும் என்றார்கள்.

அந்த ஒரு வாரமும் அம்மாதான் எங்கள் மூவரில் அமைதியாக இருந்தாள். நான் தினமும் காலையில் எடை பார்த்தேன். முப்பத்தொன்பது. முப்பத்தெட்டு எழுநூறு. முப்பத்தெட்டு நானூறு. முட்டை கொடுத்தால், டெஸ்ட் எல்லாம் முடியட்டும் என்றாள். நான் சொன்ன அதே வார்த்தை.

ஒரு நாள் பிரபு என்னைச் செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் ஒரு காப்பிக் கடைக்குக் கூட்டிப்போனான். வெளிநாட்டுக்காரர்களுக்கான கடை. கரும்பலகையில், வெங்காயம் பூண்டு இல்லாத, கோதுமை இல்லாத, பால் இல்லாத கிச்சடி என்று எழுதியிருந்தது. பக்கத்து மேசையில் இரண்டு வயதான பெண்கள் ஜெர்மன் மொழியில் தங்கள் வயிற்றைப் பற்றி விலாவாரியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. என்ன பேசுகிறார்கள் என்று பிரபு கேட்டான். வயிறுதான் என்றேன்.

"இதுக்கா அங்கருந்து இவ்ளோ தூரம் வராங்க? நம்மூட்லயே ஒரு ஆள் இருக்குனு சொல்லு" என்றான். இருவரும் சிரித்தோம். பிறகு அவன், "கேன்சரா இருக்குமாக்கா?" என்று கேட்டான். நான் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தேன்.

7

முடிவு வந்த நாள் பௌர்ணமி. மதியத்திலிருந்தே கிரிவலப் பாதையில் வண்டிகளை விடவில்லை. பிரபு கடையிலிருந்து அப்படியே போய் உறையை வாங்கிக்கொண்டு போன் செய்தான். ஒரே இங்கிலீஷ் எழுத்தாக இருக்கிறது, படம் எடுத்து அனுப்புகிறேன் என்றான். படம் வந்தது. திறக்கவில்லை. ஊரில் அத்தனை லட்சம் பேரும் ஒரே நேரத்தில் போனை நீட்டிக்கொண்டிருந்தார்கள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. திரும்ப அழைத்தால் லைன் போகவில்லை.

வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. அம்மாவிடம் இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு, டவுன் பக்கம் நடக்கத் தொடங்கினேன். வெயில் இன்னும் இறங்கவில்லை. கூட்டம் போகும் திசைதான் எனக்கும் திசை. முன்னால் ஒரு குடும்பம் கற்பூரம் வாங்க நின்றது, அவர்களைச் சுற்றிக்கொண்டு போனேன். ஒரு அம்மாள் என் காலைப் பார்த்துவிட்டு, "செருப்போட சுத்துறியேம்மா" என்றார். நான் சுற்றவில்லை என்று விளக்க நேரமில்லை. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். தார் சுட்டது. ஒவ்வொரு நூறு அடிக்கும் திரையைப் பார்த்தேன். படத்தின் மேல்பாதி மட்டும் திறந்தது. அம்மாவின் பெயர், வயது, எத்தனை சதைத் துண்டுகள் என்ற எண். அதற்குக் கீழே சாம்பல் நிறம்.

குபேர லிங்கம் தாண்டி, தண்ணீர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் மீதி திறந்தது. நின்று படித்தேன். புற்று அணுக்கள் இல்லை. காசநோய்க்கான அடையாளம் இல்லை. லேசான அழற்சி, குறிப்பிடும்படி எதுவும் இல்லை. இரண்டாம் முறை, வரி வரியாக விரல் வைத்துப் படித்தேன்.

நிம்மதிதான் வந்திருக்க வேண்டும். வந்தது, பந்தலில் கொடுத்த மோரைக் குடித்து முடிக்கும் வரை இருந்தது. அதற்குப் பிறகு அடுத்த வரி தானாக எழுதிக்கொண்டது. நோய் இல்லை. அப்படியானால் அம்மாவை மெலிய வைத்தது பசி. ஐந்து மாதப் பசி. அனுப்பியது நான்.

8

டாக்டரம்மா மறுநாள் தெளிவாகவே சொன்னார். ரத்தத்தில் இரும்பும் புரதமும் தரைமட்டம். சாயங்காலக் காய்ச்சல் என்று தனியாக ஒன்றும் இல்லை, உடம்பில் தெம்பில்லாமல் வந்த அசதி. இனிமேல் சாப்பாடுதான் மருந்து. எடை முப்பத்தேழுக்குக் கீழே போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் உணவு கொடுக்க வேண்டிவரும் என்றார். அன்று முப்பத்தேழு தொள்ளாயிரம். எனக்கு இன்னும் ஏழு நாள் இருந்தது.

அவர் அனுப்பிய உணவு ஆலோசகர் என்னை விட இளையவள், அவளூர்பேட்டைப் பெண். ஒரேயடியாகத் திணிக்கக் கூடாது, உடம்பு தாங்காது என்று சொல்லி, முட்டை வெள்ளை, தயிர், மீன் என்று சிறு சிறு அளவாக ஆறு வேளைக்குப் பிரித்தாள். வயிறு பழகிய பிறகு துவரம்பருப்பு, அப்புறம் வெங்காயம். சுவரில் இருந்த என் தாளைப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்குங்க. ஆனா எழுதி ஒட்டுனா ஆகாதுங்க, கூட இருந்து பாக்கணும்" என்றாள்.

அம்மா தலையாட்டினாள். சாப்பிடவில்லை. முட்டையை வாயில் வைத்துக்கொண்டு, நாங்கள் திரும்பியதும் துப்பினாள். பருப்புத் தண்ணீரைத் தள்ளி வைத்தாள். வயிறு உப்பும், ஸ்கூலில் பிள்ளைகள் முன்னால் ஓட வேண்டிவரும் என்றாள். நான் அவளுக்குப் புது அட்டவணை போட்டேன், நேரம், கிராம், ஒரு கட்டம் நிரம்பினால் ஒரு நட்சத்திரம். பிரபு அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன்.

மூன்றாம் நாள் எடை முப்பத்தேழு முன்னூறு. அன்று மத்தியானம் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்தெடுத்தேன். லேமினேஷன் கிழியாது. சுண்ணாம்போடு பெயர்ந்து வந்தது. கீழே உட்கார்ந்து சொன்னேன்.

"நான் தப்பா எழுதிட்டேம்மா. மறுபத்தியம்னா என்னானே எனக்குத் தெரியாது. திரும்ப எல்லாம் சாப்புடணும்னு சொல்ல வந்தேன். நீ சரியாத்தான் செஞ்ச. தப்பு என்னுது. டெஸ்ட்ல ஏதாவது வரட்டும்னுகூட நெனச்சேன், என் மேல பழி வராம இருக்கும்னு."

அம்மா அந்தத் தாளைப் பார்த்தாள். பிறகு, "எனக்குத் தெரியும்" என்றாள். எனக்குப் புரியவில்லை.

"மாத்திரை வாங்கப் போனப்ப டாக்டரம்மா அப்பவே கேட்டாங்க, இன்னும் இன்னாத்துக்கு இப்பிடி இருக்க, எல்லாம் கொஞ்சங் கொஞ்சமா சாப்புடுனு. மூணாவது மாசம் இருக்கும்."

"அப்புறம் ஏம்மா?"

"பயம்தான். வயிறு நல்லா இருக்குறத கெடுத்துக்குவானேன்னு." புடவை முந்தியை விரலில் சுற்றினாள். "அப்புறம், அது முடிஞ்சிட்டா நீ தெனம் இன்னான்னு போன் பண்ணுவ பாப்பா?"

பெயர்த்தெடுத்த தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

சற்று நேரம் கழித்து அம்மாவே எழுந்து அடுப்படிக்குப் போனாள். காலையில் வேக வைத்த முட்டை இருந்தது. சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, உப்பு தொட்டு, பாதி தின்றாள். நான் திரும்பிக்கொள்ளவில்லை. அவள் விழுங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். மிச்சத்தைச் சாயங்காலம் தின்றாள்.

மறுநாள் எடை அதே முப்பத்தேழு முன்னூறு. அடுத்த நாளும் அதே. அதற்கடுத்த நாள் நான் விமானம் ஏற வேண்டும். காலையில் பார்த்தபோது ஐம்பது கிராம் கூடியிருந்தது. அந்த இயந்திரத்தின் பிழை அளவே நூறு கிராம் இருக்கும் என்பது என் தொழில் அறிவு. அதைப் பிரபுவிடம் நான் சொல்லவில்லை.

9

இங்கே திரும்பி வந்தபின், அம்மா என்ன சாப்பிட்டாள் என்று கேட்பதில்லை என்று முடிவு செய்தேன். அதற்கு அவளூர்பேட்டைப் பெண் இருக்கிறாள், வாரம் ஒரு முறை நேரில் வந்து எடை பார்க்கிறாள். வெங்காயம் அளவாக ஒத்துக்கொள்கிறது, துவரம்பருப்பும் அப்படியே. பூண்டும் பாலும் ஆகவில்லை. ஐந்து மாதப் பட்டினி இல்லாமலே மூன்று மாதத்தில் தெரிந்திருக்க வேண்டிய விடை. எடை நாற்பத்தொன்றைத் தாண்டியிருக்கிறது, ஐம்பதுக்கு இன்னும் வெகுதூரம் போக வேண்டும். இதெல்லாம் பிரபு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஆனால் காலைப் பஸ்ஸுக்கு முன் போன் செய்வதை நிறுத்தவில்லை. கேட்க எதுவும் இல்லாமல் பேசுவது கடினம். முதல் சில நாள் இரண்டு பேரும் மாறி மாறி வானிலை சொன்னோம். அங்கே வெயில், இங்கே மழை, அங்கேயும் மழை. நடுவில் நீண்ட மௌனம் வரும். லைன் கட்டாகிவிட்டதா என்று இருவரும் ஒரே நேரத்தில் ஹலோ சொல்லுவோம்.

இன்று காலை, தொழிற்சாலையில் ஒரு புது மேலாளர் வந்திருப்பதையும், அவருக்கு என் பெயரைச் சொல்ல வராமல் ஏழுமலை என்றே கூப்பிடுவதையும் சொல்லிக்கொண்டிருந்தேன். "உங்கப்பா கேட்டிருந்தா நல்லா சிரிச்சிருப்பாரு" என்றாள். அவள் இன்னும் மருத்துவ விடுப்பில்தான் இருக்கிறாள், வீட்டில். பின்னால் எண்ணெய் பொரியும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் கதையின் முக்கியமான இடத்துக்கு வந்திருந்தேன்.

"இரு பாப்பா, வெங்காயம் தீயுது. வை" என்று சொல்லிவிட்டு அம்மா வைத்துவிட்டாள்.